படைக்கலங்களைச் செப்பனிடுவோர் யார்?

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சேனைகளும் தளபதிகளும் வெற்றி தோல்விகளுமே. போர்க்களத்துக்குப் பல நூறு கல் தொலைவில், கொட்டகைகளிலும் பட்டறைகளிலும் அமர்ந்து, உடைந்த சக்கரத்தை மாற்றுவோரையும், தேய்ந்த பாகத்தைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவோரையும் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆயினும், அவர்களுடைய உழைப்பு இல்லையேல் முதல் நாள் முழங்கிய பீரங்கி மறுநாள் வெறும் இரும்புக் குழாய்; முதல் நாள் பறந்த விமானம் மறுநாள் வெறும் தகரக் கூடு. படையின் வலிமை படைக்கலத்தில் இருக்கிறது. படைக்கலத்தின் வலிமையோ அதைச் செப்பனிடும் கையில் இருக்கிறது.

இந்தக் கை யாருடையதாக இருத்தல் வேண்டும்? சேனையே தன் ஆட்களைக் கொண்டு செய்துகொள்வதா? சர்க்கார் ஒரு தொழிற்சாலை அமைத்து நடத்துவதா? அல்லது விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்துவிடுவதா? இக்கேள்வி இன்று டில்லியிலும் இலண்டனிலும் வாஷிங்டனிலும் ஆராயப்படுகிறது. புதிய கேள்வி போலத் தோன்றினாலும் உண்மையில் இது மிகப் பழைய கேள்வியே. பெங்களூரும் அதனைச் சூழ்ந்த மைசூர்ச் சீமையும் இதனை ஒரு முறைக்கு இருமுறை நேரில் எதிர்கொண்டு, அதன் பயனையும் அனுபவித்திருக்கின்றன. அவ்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பீரங்கி வண்டிகளை எருதுகள் இழுத்துச் சென்ற காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் சேனையின் யந்திரம் எருதே. எருது களைத்தால் பீரங்கி நின்றுவிடும். பீரங்கி நின்றால் சேனை நின்றுவிடும். இதனை நன்கு உணர்ந்திருந்தவர்கள் மைசூர் அரசர்கள். சிக்கதேவராஜ உடையார் காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வழங்குவதற்காக ஏற்பட்ட மாட்டுப் பண்ணையை ஹைதர் அலி தம் படைக்குப் பயன்படுத்திக்கொண்டார். திப்பு சுல்தான் அதற்கு 'அமிர்த மகால்' என்று பெயர் சூட்டினார். மாடுகள் மேய்வதற்கென்றே 'காவல்' என்னும் பெயரால் பரந்த புல்வெளிகள் சீமையெங்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. சிதம்பரத்தைக் காப்பதற்காக ஹைதர் நூறு மைல் தூரத்தை இரண்டரை நாளில் கடந்து வந்தார் என்றும், அந்த வேகத்துக்குக் காரணம் இம்மாடுகளே என்றும் மைசூர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிட்டுள்ளனர்.

1799-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. வெற்றி பெற்ற கும்பெனியார் இப்பண்ணையின் அருமையை அறிந்தவர்களே. எனினும், மந்தைகளைத் தாமே பேணும் பொறுப்பை ஏற்காமல், மைசூர் சமஸ்தானத்தாரிடம் ஒப்படைத்து, சேனைக்கு வேண்டிய எருதுகளை அவர்களே வழங்கட்டும் என்று விட்டுவிட்டனர். மாடுகளால் பயன் பெறுவோர் ஒருவர். அவற்றை வளர்ப்போர் மற்றொருவர். இவ்வேற்பாட்டில் மந்தைகள் நலிந்தன. ஆகவே 1813-ஆம் ஆண்டில் கும்பெனிச் சேனையின் அதிகாரி ஒருவர் ஹுன்சூரில் பொறுப்பேற்றார். மந்தைகள் மீண்டும் தழைத்தன.

இதன் பின்னர் நிகழ்ந்ததே நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டுவது. 1860-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் சிக்கனத்தில் மிகுந்த நாட்டம் உடையவர். மாட்டுப் பண்ணைக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு அவர் கண்ணை உறுத்தியது. அதனைக் கலைத்து, மந்தைகளை விற்றுவிடும்படி உத்தரவாயிற்று. மாடுகள் வேண்டுமானால் வெளியில் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் அன்றோ? கணக்கேட்டில் இது நல்ல இலாபமாகவே தோன்றியிருக்கும். ஆனால் ஆறு ஆண்டுகள் கழிவதற்குள் தட்டுப்பாடு வெளிப்பட்டது. கன்று வளர்ந்து வண்டியிழுக்கும் பருவம் எய்துவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். நல்ல இனம் ஒன்றை உருவாக்குவதற்கோ தலைமுறைகள் ஆகும். கையில் பணம் இருந்தும் வாங்குவதற்குப் பொருள் இல்லை என்ற நிலை வந்தபோது, 1866-ஆம் ஆண்டில் பண்ணையை மீண்டும் அமைப்பதென்று சர்க்கார் முடிவு செய்ய நேர்ந்தது. விற்றது ஒரு கையெழுத்தில் முடிந்தது. மீண்டும் சேர்ப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

எருதின் காலம் மெல்ல மெல்ல மறைந்து யந்திரத்தின் காலம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதே மைசூர்ச் சீமையில், அதே கேள்வி, ஆகாய விமானத்தின் வடிவில் மீண்டும் தோன்றியது.

1939-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபோது இந்தியாவில் விமானம் செய்யும் தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில், பசிபிக் மாகடலைக் கடந்த ஒரு விமானப் பயணத்தில் இருவர் சந்தித்தனர். ஒருவர் கப்பல் தொழிலில் ஆங்கிலக் கம்பெனிகளோடு போட்டியிட்டுப் பெயர் பெற்ற சேட் வால்சந்த் ஹீராசந்த். மற்றவர் சீனத்தில் விமானத் தொழிற்சாலை நடத்திவந்த அமெரிக்கரான வில்லியம் பாலி. சீனச் சர்க்காருக்காக விமானங்களை இணைத்தும் செப்பனிட்டும் கொடுத்த பாலியின் கம்பெனி, தனியார் நிறுவனம் ஒன்று ஒரு தேசத்தின் படைக்குத் துணைநிற்பதற்கு அக்காலத்திய எடுத்துக்காட்டாகும். அத்தகைய தொழிற்சாலை ஒன்றை இந்தியாவிலும் நிறுவ வேண்டும் என்று வால்சந்த் உறுதிகொண்டார்.

ஆங்கிலச் சர்க்கார் முதலில் இதில் ஆர்வம் காட்டவில்லை. 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு வீழ்ந்தபின்பே அவர்களுடைய மனம் இளகியது. ஆனால் மைசூரில் நிலைமை வேறு. அங்கே திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயில், தொழில்களை வரவேற்பதில் முன்னின்றவர். சமஸ்தானம் எழுநூறு ஏக்கர் நிலமும் இருபத்தைந்து இலட்சம் ரூபாய் மூலதனமும் அளிக்க முன்வந்தது. சிவசமுத்திரத்து மின்சாரமும், பத்திராவதி இரும்பாலையும், இந்திய விஞ்ஞானக் கழகமும் அருகில் இருந்தன. கடற்கரையிலிருந்து விலகி, மேட்டு நிலத்தில் அமைந்த பெங்களூர் இதற்குத் தகுந்த இடமாக விளங்கியது. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி பதிவாயிற்று. டொம்லூர் சாலையில் இருந்த ஒரு பங்களாவே அதன் முதல் அலுவலகம். 1941-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்திய சர்க்காரும் மூன்றில் ஒரு பங்கு வாங்கிச் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டிலேயே ஹார்லோ என்னும் பயிற்சி விமானமும், மறு ஆண்டில் கர்டிஸ் ஹாக் என்னும் போர் விமானமும் அங்கு இணைக்கப்பட்டுப் பறந்தன.

ஒன்றை இங்கே மறவாது கூற வேண்டும். சர்க்கார் தயங்கி நின்றபோது துணிந்து முன்வந்தவர் ஒரு தனி வியாபாரி. அவருடைய ஊக்கம் இல்லாதிருந்தால் 1940-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை தோன்றியிராது. தனியார் முயற்சி என்றாலே படைத்துறைக்கு ஆகாதது என்று கூறுவோர் இந்த உண்மையை நினைவில் கொள்ளுதல் நன்று.

ஆனால் யுத்தம் பெங்களூரை நோக்கி நெருங்கி வந்தது. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரமே அஞ்சிக் கலைந்து, குடும்பம் குடும்பமாக உள்நாட்டுக்குச் சென்ற நாட்கள் அவை. இந்நிலையில் புதிய விமானங்களை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருப்பதைவிட, போர்முனையில் பழுதடையும் விமானங்களை விரைவாகச் செப்பனிட்டுத் திருப்பி அனுப்புவதே இன்றியமையாததாயிற்று. குண்டு விழக்கூடிய ஓர் இடத்தில், அவசரத்துக்கேற்ப நாளும் மாறும் உத்தரவுகளின்படி, இலாப நஷ்டக் கணக்குப் பாராமல் வேலை செய்தல் வேண்டும். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய ஒரு கம்பெனி இதனை எங்ஙனம் ஏற்க இயலும்? 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி இந்திய சர்க்கார் நல்ல விலை கொடுத்து வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டது. மைசூர் சமஸ்தானம் தன் பங்கை விற்க மறுத்தது. எனினும் நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தது.

1943-ஆம் ஆண்டில் தொழிற்சாலை அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் வந்தது. '84-ஆவது விமானக் கிடங்கு' என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல கேட்டலினா விமானமே அங்கு முதன்முதலில் பிரித்துச் செப்பனிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து, இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த விமான வகைகளெல்லாம் பெங்களூருக்கு வந்து சேர்ந்தன. தொழிலாளர்களின் வாயில் 'ஓவர்ஹால்' என்று வழங்கும் அவ்வேலை சாதாரணமான பழுதுபார்ப்பு அன்று. யந்திரம் முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, அளந்து, மயிரிழை அளவு தேய்ந்ததையும் கண்டுபிடித்து நீக்கி, மீண்டும் பூட்டி, ஓட்டிச் சோதித்து அனுப்புவதாகும். இரண்டு ஆண்டுகள் கழித்து இந்திய நிர்வாகத்துக்குத் திரும்பி வந்தபோது, கீழ்த்திசை நாடுகளிலேயே மிகப் பெரிய செப்பனிடும் நிலையங்களுள் ஒன்றாக அத்தொழிற்சாலை வளர்ந்திருந்தது.

இங்கே நாம் ஆராய வேண்டுவது ஒன்று உண்டு. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அத்தொழிற்சாலையின் எசமானர்கள் எத்தனை முறை மாறினர்! முதலில் தனியார் கம்பெனி; பிறகு சர்க்கார்; பின்னர் அமெரிக்கப் படை; மீண்டும் சர்க்கார். ஆனால் பட்டறை மேசையின் முன்னே நின்ற மனிதர் பெரும்பாலும் மாறவில்லை. கன்னடியரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஆங்கிலோ இந்தியரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை கற்றனர். 1809-ஆம் ஆண்டில் கண்டோன்மென்ட் ஏற்பட்ட காலந்தொட்டே அல்சூர் முதலிய பகுதிகளில் தமிழ் மக்கள் குடியேறி வாழ்ந்துவந்த ஊர் அன்றோ பெங்களூர்? அமெரிக்கர் தம் நாட்டுக்குத் திரும்பிச் சென்றபோது கருவிகளில் சிலவற்றை எடுத்துச் சென்றிருக்கலாம். தொழிலாளர் கைகளில் ஏறிய பழக்கத்தை எடுத்துச் செல்ல இயலவில்லை. அதுவே யுத்தம் நமக்கு விட்டுச்சென்ற மெய்யான செல்வம்.

அச்செல்வத்தின் மதிப்பு விரைவில் வெளிப்பட்டது. யுத்தம் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து கடனாகப் பெற்றிருந்த லிபரேட்டர் என்னும் நான்கு யந்திரக் குண்டுவீச்சு விமானங்களை ஆங்கில விமானப் படையினர் கான்பூரில் குவித்து, எவருக்கும் பயன்படாதபடி சிதைத்துவிட்டுச் சென்றனர். சுதந்திரம் பெற்ற இந்தியாவிடம் அப்போது கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றும் இல்லை. இக்குப்பைக் குவியலிலிருந்து பறக்கும் விமானங்களைப் பெற முடியுமா என்று கேட்டபோது, அன்னிய நிபுணர்கள் முடியாது என்று தலையசைத்தனர். பெங்களூர்த் தொழிலாளர்கள் முடியும் என்றனர். கான்பூரில் ஓரளவு ஒட்டுப்போடப்பட்ட விமானங்களைத் தொழிற்சாலையின் விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். எந்தக் கருவி வேலை செய்யும், எது செய்யாது என்று முழுவதும் அறியாமலே மேற்கொண்ட பயணங்கள் அவை. பெங்களூரில் அவை முற்றிலும் பிரிக்கப்பட்டுப் புத்துயிர் பெற்றன. 1948-ஆம் ஆண்டு நவம்பரில் இந்திய விமானப் படையின் ஐந்தாவது அணி லிபரேட்டர் விமானங்களோடு உருவாயிற்று. நாற்பது விமானங்கள் வரை இவ்வாறு மீண்டும் பறந்தன. உலகில் மற்ற நாடுகள் அவ்விமானத்தை ஒதுக்கிவிட்ட பின்னரும், 1968-ஆம் ஆண்டு வரை அவை இந்தியக் கடற்பரப்பைக் காவல் காத்தன. அவற்றுள் ஒன்று இன்று இலண்டனில் ஆங்கில விமானப் படையின் காட்சிச்சாலையில் நிற்கிறது.

செப்பனிடும் அறிவு அதோடு நின்றுவிடவில்லை. பிறர் செய்த யந்திரத்தை ஆயிரம் முறை பிரித்துப் பூட்டியவனுக்கு, அதனைத் தானே செய்யலாம் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. டாக்டர் காட்கே அவர்கள் வகுத்த திட்டப்படி உருவான எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் பறந்தது. யுத்த வேலை குறைந்த நாட்களில் தொழிலாளர் கைகள் சோர்ந்துவிடாதபடி ரெயில் பெட்டிகளும் பஸ் உடல்களும் அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டன. போர்க் காலத்தில் வேண்டப்படும் திறமையைச் சமாதான காலத்தில் உயிரோடு வைத்திருப்பதற்கு அது ஓர் உபாயம். தொழிற்சாலை 1964-ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்னும் இன்றைய பெயரை அடைந்தது.

சுதந்திர இந்தியாவின் கொள்கையும் இவ்வனுபவத்துக்கு இசைந்தே அமைந்தது. 1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் ஆயுதங்களையும் விமானத் தொழிலையும் சர்க்காருக்கே உரிய துறைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் காலப்போக்கில் சர்க்கார் பட்டறைகளின் குறைகளும் வெளிப்பட்டன. தாமதம், செலவுப் பெருக்கம், பொறுப்பை ஒருவர்மீது ஒருவர் சுமத்துதல் ஆகியவற்றைப் பற்றிப் படையினரே முறையிட்டனர். விமானம் வேண்டுபவருக்கு அது பறக்க வேண்டும். கோப்பு நகர்ந்தது என்ற சமாதானம் அவருக்குப் போதாது. 2001-ஆம் ஆண்டில் படைத்துறைத் தொழில்களில் தனியாரும் நுழையலாம் என்று வழி திறக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த ஷேகட்கர் குழுவுக்குப் பின்னர், தரைப்படையின் பெரும் பட்டறைகளையும் சீர்திருத்துவதைப் பற்றிய பேச்சு வலுத்தது. பெங்களூரில் உள்ள 515-ஆவது தரைப்படைத் தளப் பட்டறையும் இவ்வகையைச் சேர்ந்ததே. உடைமை சர்க்காருக்கும் நடத்தும் பொறுப்பு தனியாருக்குமாக அமையும் முறை ஒன்று முன்வைக்கப்பட்டது. பெங்களூருக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஒசூரில், தனியார் நிறுவனம் ஒன்று நம் கடற்படையின் பி-8ஐ விமானங்களைச் செப்பனிடும் பணியை ஏற்றிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மூன்று விமானங்கள் ஒரே காலத்தில் அங்கே அவ்வேலைக்கு நின்றிருந்தன.

பிற நாடுகள் என்ன செய்தன என்பதையும் நோக்கலாம். பிரிட்டன் தன் தரைப்படை வாகனங்களைச் செப்பனிட்டுவந்த சர்க்கார் நிறுவனத்தை 2015-ஆம் ஆண்டில் பாப்காக் என்னும் தனியார் கம்பெனிக்கு விற்றுவிட்டது. தனியார் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்காவோ வேறு வழியில் செல்கிறது. பெரும் பட்டறைகளில் செய்யப்படும் செப்பனிடும் பணிக்கென ஒதுக்கப்படும் பணத்தில் பாதிக்குமேல் தனியாருக்குச் செல்லலாகாது என்று அந்நாட்டில் சட்டமே இருக்கிறது. யுத்தம் வந்தால் இன்றியமையாத திறமைகள் சர்க்காரின் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. வியாபாரத்தை அவர்கள் வெறுப்பதால் அவ்வரையறை எழவில்லை. திறமை ஒருமுறை கைநழுவினால் திரும்பப் பெறுவது அரிது என்பதை அறிந்ததால் எழுந்தது.

இவை அனைத்தையும் தொகுத்துப் பார்க்கும்போது நமக்குத் தோன்றும் முடிவு என்ன? சர்க்காரா தனியாரா என்று மட்டும் கேட்பது கேள்வியின் பாதியே. வால்சந்தின் துணிவு இன்றி அத்தொழிற்சாலை இல்லை. சர்க்காரின் உறுதி இன்றி அது நிலைத்ததும் இல்லை. இரண்டுக்கும் இடையே ஊன்றி நின்றது தொழிலாளியின் பயின்ற கை. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது வேறு சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இப்பணியை இதுவரை செய்தவர்களின் பயிற்சி எங்கே போகும்? இளைஞர்கள் அதனை யாரிடம் கற்பர்? யந்திரத்தின் வரைபடங்களும் சோதனைக் குறிப்புகளும் யாருடைய அலமாரியில் இருக்கும்? அவசர காலத்தில் உத்தரவிடும் அதிகாரம் யாரிடம் இருக்கும்? கம்பெனி கைமாறினாலோ நொடித்துப்போனாலோ அடுத்த நாள் காலையில் பட்டறையைத் திறப்பவர் யார்? இவற்றுக்குத் தெளிவான விடை எழுதப்பட்டிருந்தால், தனியார் கை பட்டதனால் மட்டும் தேசத்துக்குத் தீங்கு வந்துவிடாது. விடை இல்லையேல், மிகக் குறைந்த விலைக்கு முடிந்த ஒப்பந்தமும் 1860-ஆம் ஆண்டு மாட்டு விற்பனையைப் போன்றதே ஆகும்.

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட ஓர் அக்கறையும் உண்டு. பெங்களூரிலும், கிர்க்கியிலும், ஜபல்பூரிலும் படைத்துறைப் பட்டறைகளை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்வதை நாம் அறிவோம். தந்தை கற்ற தொழிலை மகன் கற்று, அதே வாசலில் நுழைந்த குடும்பங்கள் அவற்றுள் உண்டு. பட்டறை ஒன்றைப் பற்றிய தீர்மானம் சர்க்கார் ஏட்டில் செலவுத் தலைப்பாகத் தோன்றலாம். அவ்வீடுகளில் அது ஒரு தலைமுறையின் அறிவைப் பற்றிய செய்தி. தீர்மானிப்போர் இவ்விரண்டையும் ஒரே மேசையின்மேல் வைத்து எடைபோட வேண்டும் என்பதே மைசூர்ச் சீமையின் வரலாறு நமக்குக் கூறுவது.